வாப்பாவுக்கு கண்ணு மங்குது, "தானா ஓடும்"னு சொல்ற கார் வாங்கிக் குடுக்கலாமா?

கீழக்கரை_ஷார்ஜா
எல்லாருக்கும் சலாம், வணக்கம். ஊரு கீழக்கரை, வேலை ஷார்ஜால. வாப்பா 30 வருசம் மீன் வேன் ஓட்டுனவரு, ஏர்வாடில இருந்து ராம்நாடு மார்க்கெட் வரைக்கும் அவருக்குத் தெரியாத குழி கிடையாது. இப்ப கண் அழுத்த நோய்னு சொல்லிட்டாங்க, நேரா இருக்குறது தெரியுது, ரெண்டு பக்கமும் வர்றது தெரியல. மாசம் ஒருக்கா மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகணும், யாரையும் கூப்பிடாம சாவிய எடுத்துட்டு அவரே கிளம்பிடுறாரு, உம்மா போன்ல அழுவுறாங்க. போன லீவுல ஒரு ஷோரூம் போனேன், அங்க இருந்த தம்பி ஸ்டியரிங்ல இருந்து கைய எடுத்துக் காட்டி, இது லெவல் 2 ஏடாஸ், அதாவது டிரைவருக்கு உதவுற சிஸ்டம், கிட்டத்தட்ட தானா ஓடும், பெரியவங்களுக்கு சேஃப்னு சொன்னாரு. கடன் வாங்கியாவது எடுத்துடலாமான்னு இருக்கேன். இல்ல, அமெரிக்கால ஆளே இல்லாம ஓடுதே, அது நம்ம பக்கம் வர்ற வரைக்கும் பொறுக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உச்சிப்புளி_விவசாயி
தம்பி தயவு செஞ்சு வாங்காதீங்க. என்கிட்ட ஏடாஸ் வண்டி ரெண்டு வருசமா இருக்கு. மதுரை டு பரமக்குடி நாலு வழில அருமையா போகும், முன்னாடி லாரி ஸ்லோ ஆனா தானே ஸ்லோ ஆகும், கால் வலியே இல்ல. பரமக்குடி தாண்டி ரெண்டு வழி ஆரம்பிச்சதுமே கத வேற. போன மாசி மாசம் ரோட்டோரத்துல முண்டு மிளகா காயப்போட்டு ஒரு அம்மா குடை பிடிச்சு உக்காந்து கிளறிட்டு இருந்தாங்க, நான் ஒதுங்க வலது பக்கம் ஒடிச்சேன், இண்டிகேட்டர் போடல, வண்டி நான் தெரியாம கோடு தாண்டுறேன்னு நெனச்சு ஸ்டியரிங்க இடது பக்கம் இழுக்குது, அந்த அம்மா பக்கமா! கைல இறுக்கிப் பிடிச்சிருந்ததால தப்பிச்சோம். வண்டிய நிறுத்திட்டு அஞ்சு நிமிசம் கை நடுங்குச்சு. அரிச்சல்முனை ரோட்டுல இன்னொன்னு, மணல் அடிச்சு கோடு மறைஞ்சதும் சின்னதா ஒரு சத்தம் குடுத்துட்டு அதுவா ஆஃப் ஆயிடும். அந்த சத்தத்த கவனிக்க ஆள் வேணும்ல?

கோடு_எழுதுறவன்
நான் சென்னைல இந்த ஃபீல்டுலதான் இருக்கேன். லெவல் 2ன்னா வண்டி உதவி பண்ணும், ரோட்ட பாக்குற பொறுப்பு முழுக்க டிரைவரோடது. அதாவது வண்டி விட்டத உங்க வாப்பா கண்ணுதான் பிடிக்கணும், அவருக்கு இல்லாதது அதேதான். இதுக்கு மேல லெவல் 3, அதுல வண்டியே ரோட்ட பாத்து ஓட்டும், மெர்சிடிஸ் ஜெர்மனில 2022ல குடுத்தாங்க, அதுவும் ஹைவேல, மணிக்கு 60க்குள்ள, வண்டி கூப்பிட்டா உடனே ஸ்டியரிங்க வாங்கணும், தூங்கக் கூடாது. டெஸ்லா முதலாளி 2020ல பத்து லட்சம் ரோபோடாக்ஸி, அதான் டிரைவர் இல்லாத டாக்ஸி, ரோட்டுல இருக்கும்னு 2019ல சொன்னாரு, அது நடக்கல, ஜனங்க வாங்குன டெஸ்லா கார்ல இருக்குற செல்ஃப் டிரைவிங் சிஸ்டத்துக்கு 2024ல அவங்களே "மேற்பார்வையோட"ன்னு பேர்ல சேத்துட்டாங்க. 2018ல அரிசோனால ஊபரோட தானா ஓடுற டெஸ்ட் வண்டி, ராத்திரி சைக்கிள தள்ளிட்டு ரோட்ட கடந்த ஒரு அம்மாவ அடிச்சுக் கொன்னுச்சு. அவங்கள வண்டின்னும் சைக்கிள்னும் மாத்தி மாத்தி எடுத்துக்கிச்சு, கிராசிங் இல்லாத எடத்துல ஆள் கடக்கும்ங்கறதே அந்த சிஸ்டத்துக்கு சொல்லிக் குடுக்கல. உக்காந்திருந்த டிரைவர் போன் பாத்துட்டு இருந்தாங்க. நம்ம ஈசிஆர்ல கிராசிங்ல மட்டும் கடக்குறவங்க யாரு சொல்லுங்க.

தொண்டி_ஃபீனிக்ஸ்
எல்லாமே பொய்னு நெனச்சுடாதீங்க காக்கா. நான் அமெரிக்கா ஃபீனிக்ஸ்ல வேமோங்கற டிரைவர் இல்லாத டாக்ஸில அடிக்கடி போறேன், முன் சீட்டு காலி, ஸ்டியரிங் தானா சுத்தும், 2020லயே பொதுமக்களுக்கு விட்டுட்டாங்க. மொத தடவ ஏறுனப்ப எங்க வாப்பிச்சா (வாப்பாவோட உம்மா) ஞாபகம்தான் வந்துச்சு, கண்ணு போன பின்னாடி கடைசி வரைக்கும் வாசலத் தாண்டாம இருந்தாங்க, அவங்களுக்கு இப்படி ஒண்ணு கெடச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு. அதனால இது வரணும்னு மனசார ஆசப்படுறேன். ஆனா அது வெலைக்கு வாங்குற காரே இல்ல, கம்பெனி ஓட்டுற டாக்ஸி, தெருத்தெருவா மேப் எடுத்த ஏரியாவுக்குள்ளதான் வரும், கூரைல லேசர் அடிச்சு தூரம் பாக்குற லைடார், சுத்தி கேமரா. பின்னாடியே வந்த க்ரூஸ் கம்பெனி வண்டி 2023 அக்டோபர்ல சான் பிரான்சிஸ்கோல ஒரு அம்மாவ அடில மாட்டி இழுத்துட்டுப் போச்சு, அடுத்த வருசமே அதோட ஓனர் ஜிஎம் கம்பெனி அந்த டாக்ஸி திட்டத்துக்கு காசு போடுறத நிறுத்திட்டாங்க. ரெண்டு மூணு வருசத்துல கீழக்கரைன்னு கணக்குப் போட்டு உக்காராதீங்க.

ராமேஸ்வரம்_டாக்ஸி
தம்பி, நான் 22 வருசமா டாக்ஸி ஓட்டுறேன். டிரைவர் இல்லாத கார இந்தியாவுக்குள்ள விடமாட்டேன், டிரைவர் பொழப்பு போயிடும்னு ரோடு மந்திரி கட்கரி 2023ல சொன்னாரு, எங்க வயித்துக்கு அது நல்ல சேதிதான், ஆனா அதுக்காக நான் பேசல. பாம்பன் பாலத்துல நடு ரோட்டுல வண்டிய நிறுத்தி ரயில் பாலத்த போட்டோ எடுப்பாங்க, கொழந்த கைய விட்டுட்டு ஓடும், அத பக்கவாட்டுலதான் பாக்கணும். பக்கம் தெரியாதவர ஸ்டியரிங்ல உக்கார வைக்காதீங்க, எந்த வண்டியா இருந்தாலும் சரி. இருக்குற காரே போதும், ஆக்டிங் டிரைவர் போடுங்க, கார் கடன் ஒரு மாச தவணைல எத்தனையோ ட்ரிப் அடிச்சிடலாம். வாப்பாவ பின்னாடி உக்கார வைக்காதீங்க, முன் சீட்டு குடுங்க, வழிய அவரு சொல்லட்டும். ராம்நாட்டுல எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான், பொறுமையா ஓட்டுவான்.

கீழக்கரை_ஷார்ஜா
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த மிளகா அம்மா கதைய படிச்சதும் புக்கிங் பண்ற யோசனைய விட்டுட்டேன். நேத்து ராத்திரி வாப்பாகிட்ட பேசுனேன், ரொம்ப நேரம் பதிலே சொல்லல, அப்புறம் "வர்ற பையனுக்கு தேவிபட்டினம் சுத்து வழி தெரியுமா"ன்னு மட்டும் கேட்டாரு. டாக்ஸி அண்ணே, அந்தத் தம்பி நம்பர தனி மெசேஜ்ல போடுங்க, வியாழக்கிழமை காலைல 10 மணிக்கு அப்பாயின்மென்ட்.