'சவுண்ட் ஆஃப் மியூசிக்': மேடைப் பாடல்கள் படத்தில் ஏன் மாறின?

கேள்வி:
நண்பர்களே, இந்த இசை நாடகத்தின் 1959ஆம் ஆண்டு நியூயார்க் பிராட்வே மேடை இசைத்தட்டை அண்மையில்தான் முதன்முறையாகக் கேட்டேன். படத்தில் இடிமுழக்கத்துக்கு அஞ்சிக் கட்டிலுக்கு ஓடிவரும் குழந்தைகளைத் தேற்ற அவர்களின் வீட்டு ஆசிரியை மரியா பாடும் பாட்டை, இதில் அவள் மடத்துத் தலைவியுடன் சேர்ந்து பாடுகிறாள். படத்தில் இல்லாத பாடல்களும் இருக்கின்றன. காரணம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
பாடலாசிரியர் ஹேமர்ஸ்டைன் 1960இல் காலமாகிவிட்டதால், 1965இல் வெளிவந்த படத்துக்கான இரண்டு புதிய பாடல்களுக்கு இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராஜர்ஸே வரிகளையும் எழுதினார். அவற்றுள் ஒன்று, மேடையில் மரியாவும் குழந்தைகளின் தந்தையான கேப்டனும் பாடிய காதல் பாட்டின் இடத்தைப் பிடித்தது. கேப்டன் மணக்கவிருந்த எல்சா, அவர்களின் நண்பர் மாக்ஸ் ஆகியோரின் பாடல்கள் இரண்டும் நீக்கப்பட்டதில்தான் எனக்குத் தீராத வருத்தம். நாஜிகளை எதிர்த்துப் பயனில்லை, அனுசரித்துப் போய்விடலாம் என்று அவர்கள் கேப்டனிடம் வாதாடுவது அவற்றில் ஒன்றில்தான். எல்சாவுடனான திருமணப் பேச்சு முறிவதும் அதைத் தொட்டே. படத்தில் அந்த முறிவு வெறும் காதல் விவகாரமாகச் சுருங்கிவிட்டது.

மறுமொழி 2:
நீக்கப்பட்ட மற்றொரு பாட்டின் மெட்டு, படத்தின் விருந்துக் காட்சியில் வால்ட்ஸ் நடன இசையாக ஒலிப்பதைக் கவனித்துக் கேளுங்கள். குரலிலும் வேறுபாடு உண்டு. மேடை இசைத்தட்டில் மரியாவாக நடித்த மேரி மார்ட்டினும் கேப்டனாக நடித்த தியடோர் பிகெலும் தாங்களே பாடினார்கள். படத்தில் கேப்டனாக நடித்த கிறிஸ்டோஃபர் பிளம்மருக்குப் பின்னணி பாடியவர் பில் லீ.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அந்த வால்ட்ஸை இன்றிரவே மறுபடி கேட்கிறேன்.