மறு: டாங்கிக் கூரை வென்ட்டுக்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம். டாங்கி என்பது இங்கே எண்ணெய், ரசாயனம் போன்ற திரவச் சரக்கைத் தேக்கும் பெரிய தொட்டி; வென்ட் (vent) என்பது அதன் கூரையில் காற்று போய்வர வைக்கும் வாய். அதற்குப் புதுத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஐயா ஒருவர் கேட்டது:

> 'அழுத்தத் தணிப்பி' இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, பினாங்கின் பிறை (Prai) ஊரில் இருபது வருடமாக டாங்கிக் கூரைகளில் ஏறி இறங்குகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். 'தணிப்பி' பாதி வேலையைத்தான் சொல்கிறது. அது சொல்லாமல் விட்ட மறுபாதியில்தான் டாங்கி சாகிறது.

சரக்கு ஏறும்போது உள்ளிருக்கும் காற்றும் ஆவியும் வெளியேற வேண்டும். ஐயா சொல்லும் தணிப்பு இது. பம்பு போட்டு இறக்கும்போது? மணிக்கு 100 கன மீட்டர் இறங்கினால் அதே அளவு காற்று உள்ளே போயாக வேண்டும். பம்பு ஓடாவிட்டாலும் சரி, வெயிலில் காய்ந்த தகட்டின்மேல் பிற்பகல் மூன்று மணிக்கு மழை கொட்டினால் உள்ளிருக்கும் ஆவி சுருங்கிக் காற்றை இழுக்கும். வென்ட்டில் காற்றை உள்ளே விடும் மூடித்தட்டை 25 மில்லிமீட்டர் நீருயர வெற்றிடத்துக்கே (அவ்வளவு உயர நீர் தரும் அழுத்தத்துக்குச் சமமான உறிஞ்சலுக்கே) திறக்கும்படி வைப்பது வழக்கம். விரல் கணு ஒன்றின் உயரம்தான். ஆனால் 10 மீட்டர் விட்டமுள்ள கூரைமேல் அது ஏறக்குறைய 2 டன் சுமை.

கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் சாயம் அடிக்க வந்தவர்கள், உள்ளே தெறிக்கக் கூடாதென்று வென்ட்டைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கீழே பம்பைப் போட்டுவிட்டார்கள். மேலே ஏறிப் பார்க்காமல் ஒப்புதல் தந்த ஷிப்ட் என்னுடையது. 'டொம்' என்று ஒரே சத்தம். மேல் இரண்டு வரிசைத் தகடும் பட்டினிக் கன்னம்போல் உள்ளே போய்விட்டன. பை கிழியக்கூட இல்லை. வென்ட்டின் வாயில் உறிஞ்சிக்கொண்டு ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து இந்தப் பொருளின் பெயரில் எனக்கு அக்கறை.

இன்னொன்று. 'தணிப்பி' என்றால் கொதிகலன்காரர்கள் தங்கள் ஸ்பிரிங் வால்வை நினைப்பார்கள். அங்கே அழுத்தம் 'பார்' (bar) என்ற பெரிய அலகில் கணக்கு, இங்கே மில்லிமீட்டர் நீர்க் கணக்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆபத்து.

கோலாலம்பூர் அக்கா இதே பேச்சில் எழுதிய 'காலதர்' அருமையான சொல். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் அது சன்னல். ஆனால் சன்னல் திறந்தே கிடக்கும். நம் பொருள் பெரும்பாலும் மூடியே இருக்கும்; தன் எடையால் பீடத்தில் உட்கார்ந்திருக்கும் தட்டு, அளவு மீறினால் மட்டும் எழும்பும். அப்படி மூடாவிட்டால் மெத்தனால் போன்ற சரக்கு ஆவியாகியே குறைந்துவிடும். அதனால் செம்பனை எண்ணெய் டாங்கிமேல் கொக்குக் கழுத்துபோல் வளைந்து திறந்தே நிற்கும் குழாய்க்குக் 'காலதர்' என்று வைக்கலாம். அதற்கு என் ஆதரவு முழுதாக உண்டு. 'ஓரதர்' (ஒரு வழி) என்று சிலர் வால்வுக்கு எழுதுகிறார்கள். இதற்கோ வழி இரண்டு.

என் சொல்: மூச்சுவாய். எங்கள் ஆட்கள் ஏற்கெனவே "டாங்கி மூச்சு விடுது" என்றுதான் சொல்வார்கள். டாங்கி வென்ட்டுகளுக்கான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ (API) 2000 தரவிதியும் உள்மூச்சு, வெளிமூச்சு என்றே பிரித்துக் கணக்கிடச் சொல்கிறது. வாய் திறக்கும், மூடும். மதகுக்கும் வாய் உண்டு, குடத்துக்கும் உண்டு. பாகங்களுக்கும் பெயர் தானாக வருகிறது: வெளிமூச்சுத் தட்டு, உள்மூச்சுத் தட்டு.

வேலைத்தாளில் எழுதிப் பார்த்தேன். "மூச்சுவாயைக் கூரை உச்சியில் ரசமட்டம் வைத்து மாட்டவும், சாய்ந்தால் தட்டு பீடத்தில் சரியாக உட்காராது. வழியில் தட்டு ஆடாமலிருக்க வைத்து அனுப்பிய அடைப்பை எடுத்தாயிற்றா என்று பார்க்கவும். தட்டைக் கையால் தூக்கிப் பார்க்கவும். மெல்லிய துணியால் துடைக்கவும், கிரீஸ் தடவ வேண்டாம். வலையில் குளவிக்கூடு இருந்தால் எடுக்கவும்." எங்கும் நாக்கு இடறவில்லை. ஸ்டியரிக் அமில டாங்கிக்கு மட்டும் ஒரு வரி கூடுதல்: அது 69 டிகிரியிலேயே உறையும், ஆவி மேலே வந்து குளிர்ந்து வெள்ளை மெழுகாகத் தட்டைப் பீடத்தோடு ஒட்டிவிடும். "மூச்சுவாய் மெழுகு கட்டியிருக்கிறது" என்றேன். புதிதாக வந்த தம்பி விளக்கம் கேட்காமலே சுரண்டியை எடுத்துக்கொண்டு ஏறினான்.

மூச்சுவாயின் அடியில் வரும் வலைப்பெட்டிக்குத் (flame arrester) 'தீத்தடுப்பி' என்று ஐயா எழுதியிருந்தார். 'சுடர்தடுப்பி' பொருந்தும், வெளியே எரியும் தீயை அது அணைக்காது, சுடர் உள்ளே ஓடாமல்தான் தடுக்கும். அழுக்கு அடைத்தால் மூச்சையும் தடுக்கும், அது வேறு.

வரும் சனிக்கிழமை கூரை ஏணியில் புது எச்சரிக்கைப் பலகை மாட்டுகிறோம். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் கீழே தமிழுக்கு ஒரு வரி இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்: "மூச்சுவாயை மூடாதே, கட்டாதே." மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்; வெள்ளிக்கிழமை காலை எழுத்து வெட்டக் கொடுக்கிறேன்.