ஆயில் கருகும் வாடை: சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு (கார் மன்றப் பதிவும் பதில்களும்; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

பத்தாம் நம்பர் ஸ்பேனர்

ஓடும்போது வாடை இல்லை, சிக்னலில் நின்றால் குப்பென்று வருகிறது என்று சொல்லி வரும் பெட்ரோல் வண்டிகளில் பாதிக்கு மேல் டேப்பட் கவர் (எஞ்சின் உச்சியிலிருக்கும் மூடி) பேக்கிங் கசிவுதான். ஓட்டத்தில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நின்றதும் புகை பானட்டுக்குள் தேங்கி, வைப்பருக்கு அடியிலிருக்கும் காற்றுவழியாக ஏசிக்குள் நுழையும். வெளிக்காற்றை அடைத்து, உள்காற்றே சுற்றும்படி பட்டனைத் தட்டுங்கள். வாடை குறைந்தால் பானட்டுக்குள்தான் சங்கதி.

ஒரு 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, 90,000 கிலோமீட்டர் ஓடியது. ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியிலிருக்கும் ஆயில் தொட்டி) ஓரத்தில் சொட்டு. சம்ப்பைக் கழற்றி ஒட்டியும் வாடை போகவில்லை. மேலே டார்ச் அடித்துப் பார்த்தால் டேப்பட் கவரின் பின்மூலையில் ஈரம். அங்கிருந்து சிலிண்டர் ஹெட் வழியாக வழிந்து, மேனிஃபோல்டை (புகை வெளியேறும் சூடான குழாய்) தொட்டுக் கருகி, மிச்சம்தான் சம்ப்புக்கு வந்திருக்கிறது. ஆயில் கீழே இறங்கும், காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் நனைந்த இடங்களில் எது உயரமோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாமே அழுக்காக இருந்தால், எஞ்சின் ஆறியபின் டிகிரீசர் அடித்துத் துடைத்து, காயவிட்டு, சந்தேகமுள்ள ஓரங்களில் டால்கம் பவுடரைத் தூவுங்கள் (பெல்ட் பக்கம் வேண்டாம்). 15, 20 கிலோமீட்டர் ஓட்டி வந்தால் பவுடரில் பழுப்புக் கோடு விழும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் உப்பும், சூடான மேனிஃபோல்டில் பட்டால் பற்றிக்கொள்ளும்.

பேக்கிங் மாற்றும்போது இக்னிஷன் காயில்களைக் கழற்றியதும் ஸ்பார்க் பிளக் குழிக்குள் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். அதற்கு முன் பிளக்கைத் திருகினால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். குழியின் வட்டச் சீல்களையும் கூடவே மாற்றுங்கள். இரண்டு முகங்களிலும் பழைய பசை துளிகூட இருக்கக் கூடாது, அலுமினியத்தைக் கீறவும் கூடாது. டைமிங் கவர் (டைமிங் செயினை மூடும் தகடு) ஹெட்டோடு சேரும் இரண்டு இடங்களில் மட்டும் பட்டாணி அளவு சிலிக்கான் பசை. சுற்றிலும் தடவினால் உள்ளே பிதுங்கி, பிய்ந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் உட்காரும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்; உங்கள் வண்டியின் கணக்கை மேனுவலில் பாருங்கள். கை பலத்தைக் காட்டினால் மரை போகும், பிளாஸ்டிக் கவர் என்றால் விரிசல் விடும்.

ஷெட்டுக்காரர்

அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் புதுப் பேக்கிங் மூன்று மாதத்தில் மறுபடி கசிந்தால் பேக்கிங்கைத் திட்டாதீர்கள், பிசிவி வால்வை (எஞ்சினுக்குள் சேரும் கேஸை வெளியே விடும் சின்ன வால்வு) பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் கேஸ் அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். வண்டியை நிறுத்தி எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின்மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். லேசாக ஒட்டிக்கொண்டால் நல்லது. பறந்தால் ஒன்று பிசிவி அடைப்பு, இல்லையென்றால் பிஸ்டன் ரிங் தேய்மானம். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் 'டக் டக்' என்று ஆட வேண்டும் (எல்லா மாடலிலும் தனியாகக் கழற்ற வராது, சிலவற்றில் கவரோடு சேர்ந்தே இருக்கும்). சல்லிசான பாகம். இதைப் பார்க்காமல் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கச் சீலுக்காக கியர்பாக்ஸை இறக்கினால் கூலி மட்டும் எகிறும்.

சிங்கிள் ஓனர்

சர்வீஸ் முடிந்த அன்றே வாடை என்றால் பயப்படாதீர்கள், ஊற்றும்போது சிந்தியதாக இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் எரிந்து போய்விடும். ஆனால் கீழே குனிந்து பார்த்துவிடுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதை மாட்டினால், ஆயில் அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கிச் சில நிமிடத்தில் ஆயில் முழுக்க வெளியே வந்துவிடும். பழைய ஆயிலை இறக்கும் டிரெயின் நட்டின் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது.

டர்போ தம்பி

டீசல்காரர்கள் டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பின் போல்ட்டைப் பாருங்கள். அதன் இரண்டு பக்கச் செப்பு வாஷரையும் ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடக் கூடாது. அந்த இடம் கொதிக்கிற இடம், ஒரு சொட்டு போதும் வண்டி முழுக்க நாற.

இன்னொன்று, ஆயிலே இல்லாத 'ஆயில் வாடை'. ஆக்ஸில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் சைலன்ஸரில் தெறித்தாலும் இதே வாடைதான். சக்கரத்தின் உட்பக்கம் வட்டமாகக் கறுப்புத் தெறிப்பு இருக்கும்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்

தம்பி சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள், பலர் தவறவிடுவது அது.

எங்கும் ஈரமில்லை, ஆனால் டிப்ஸ்டிக்கில் அளவு இறங்குகிறது என்றால் ஆயில் உள்ளேதான் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் ரிங். சமதரையில் நிறுத்தி, அணைத்து 10 நிமிடம் கழித்து அளந்து, கிலோமீட்டரோடு எழுதி வையுங்கள். பானட் ஓரத்தில் புகையே தெரிந்தால் அளவெடுப்பெல்லாம் அப்புறம்: ஓரங்கட்டி அணைத்துவிட்டு இறங்குங்கள், பானட்டைத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் கனன்றுகொண்டிருக்கும் ஆயில் குப்பென்று பிடித்துவிடும்.