வாரச் சிந்தனை: வழிகாட்டிகளைப் பற்றி எழுதினால் நினைவஞ்சலி மாதிரி ஆகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

பொருநைக்கரை கேட்டது:

ஐயாமார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

கிராமச் சேகரம் (ஒரே குருவின் கீழ் உள்ள சில சபைகள்) ஒன்றில் உதவிக் குருவாக இருக்கிறேன். மூன்று சபை, 220 குடும்பம். சபை மடலின் பின்பக்கத்தில் வாரச் சிந்தனை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஏ5 தாள், ஒரே பக்கம். அதையே சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸப் குழுவிலும் போட வேண்டும். இந்த மூன்று மாதத்துக்குப் பொருள்: விசுவாசத்தில் நம்மை வளர்த்துவிட்டவர்கள்.

எழுதிப் பார்த்தால் எல்லாமே 'ஜெபவீரர், அன்பானவர், எளிமையானவர்' என்று போய் முடிகிறது. பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த வாரத்துக்கும் அதுவே ஆகும் போலிருக்கிறது. எத்தனை சொல் எழுதலாம்? யாரை எழுதலாம், யாரைத் தவிர்க்க வேண்டும்? அன்றாட வாழ்க்கையை எப்படி உள்ளே கொண்டுவருவது? வெள்ளிக்கிழமை ராத்திரி திண்டாடாமல் இருக்க என்ன வழி?

மணிக்கூண்டு எழுதியது:

ஐயா, முதலில் அளவு. ஏ5 பக்கத்தில் 12 புள்ளி எழுத்து, தலைப்பும் வசனமும் போக 180 முதல் 200 சொல்தான் மூச்சுவிட இடத்தோடு நிற்கும். 300 சொல்லைத் திணிக்க எழுத்தை 9 புள்ளிக்கு இறக்கினால், மடலை ஊன்றிப் படிக்கிற வயதானவர்களே படிக்க முடியாமல் போகும்.

இனி உங்கள் பிரச்சினை. 'எளிமையானவர்' என்று எழுதிய இடத்தில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். வேதாகமம் அப்படித்தான் செய்கிறது. 2 இராஜாக்கள் 3:11-ஐப் பாருங்கள். எலிசா யார் என்று யோசபாத் ராஜாவுக்குச் சொல்ல வேண்டும். 'பெரிய தீர்க்கதரிசியின் சீஷன்' என்று சொல்லவில்லை. எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்கிறான் இஸ்ரவேல் ராஜாவின் ஊழியக்காரன் ஒருவன். குருவுக்கும் சீஷனுக்கும் நடுவில் இருந்த அத்தனை வருஷமும் அந்தச் செம்புத் தண்ணீரில் இருக்கிறது.

1 இராஜாக்கள் 19-ம் அப்படியே. பன்னிரண்டு ஏர் பூட்டி உழுகிற இடத்தில் எலிசா பன்னிரண்டாவது ஏரை ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதாவது கடைசி ஏர், முன்னே போன பதினொரு ஏரின் புழுதியும் அவன் முகத்தில்தான். சீஷனாக அழைக்கும் அடையாளமாக எலியா அவன்மேல் சால்வையைப் போட்டதும், மாட்டை அடித்து, ஏரின் மரத்தையே விறகாக்கி, ஊருக்குச் சமைத்துப் போட்டுவிட்டுப் போகிறான். திரும்பி வந்தால் உழ ஏர் கிடையாது. உங்கள் சபையில் உழவு தெரிந்தவர்கள் இருப்பார்கள். 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லே வராமல் இதை எழுதிப் பாருங்கள், அவர்களுக்கு உறைக்கும்.

200 சொல்லைப் பிரிப்பது என் கணக்கில் இப்படி: பொருள் அல்லது செயல் ஒன்று, 60 சொல். வசனமும் அதில் பொதுவாகக் கண்ணில் படாத ஒரு விவரமும், 90 சொல். மிச்சம், இந்த வாரம் ஒரு வீட்டில் நடக்கக்கூடிய ஏதாவது ஒன்று. வசனம் ஒன்று போதும். ஐந்து வசன எண்ணை அடுக்கினால் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பிரசங்கத்தைச் சுருக்கி மடலில் போடாதீர்கள். சனிக்கிழமையே வாட்ஸப்பில் படித்தவர் ஞாயிறு காலை அதையே கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார். சபை நாட்காட்டி தருகிற ஞாயிறு பொருளைப் பிரசங்கத்துக்கு வையுங்கள். மடலுக்கு அதே நாளின் நிருப (அப்போஸ்தலர் கடித) வாசகத்தையோ சங்கீதத்தையோ எடுக்கலாம்.

மறைநூல்வாசகி எழுதியது:

யாரைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

ஆலோசனைக்கு வந்தவர்கள் சொன்னது எதுவும் மடலுக்கு வரக்கூடாது. பெயர் மாற்றினாலும் கூடாது. 220 குடும்பத்தில் 'ஒரு சகோதரி, கணவர் வெளிநாட்டில், மகனுக்கு மூன்று முறை தேர்வில் தோல்வி' என்று எழுதினால் ஆராதனை முடிவதற்குள் ஆள் யாரென்று பந்தலடியில் பேசிவிடுவார்கள். அதற்குப்பின் ஆலோசனைக்கு யாரும் வரமாட்டார்கள். ஜெபக் குறிப்பில் கேட்ட நோய் விவரமும் இதே கணக்குதான்.

உயிரோடு இருப்பவரை எழுதினால் பிரதியை அவரிடம் காட்டி, சரி என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸப் பதிலே போதும். காலமானவர் என்றால் குடும்பத்தில் ஒருவரிடம். முந்தைய சேகர குருவைப் புகழ்வதில் கவனம் தேவை. மாற்றலாகிப் போனவரை மெச்சினால் இப்போதிருப்பவரைக் குத்துவதாகவே படிப்பார்கள். திருமண்டல (பல சேகரங்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) தேர்தல் காலத்தில் உயிரோடிருக்கும் யாரைப் பற்றியும் நல்ல வார்த்தை எழுத வேண்டாம். எந்த அணிக்கு ஓட்டு கேட்கிறீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும். (சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.)

பெரிய பெயர்களை விட்டுவிட்டு வேலைகளை எழுதுவது இதற்கெல்லாம் நல்ல மாற்று. உபதேசியார் என்ற பதவியை எடுங்கள். குரு மாதம் ஒருமுறை வந்துபோன ஊர்களில் எழுத்து சொல்லிக்கொடுத்தது, சாவு வீட்டில் முதலில் போய் நின்றது, பிள்ளைகளுக்குப் பத்துக் கற்பனைகளை (கட்டளைகளை) மனப்பாடம் செய்வித்தது எல்லாம் அவர்தான். அல்லது கைப்பிடி அரிசி. உலையில் போடும் முன் ஒரு பிடியைக் காணிக்கைக்கென்று எடுத்துத் தனிக் கலத்தில் போட்டு வைப்பது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கொடுப்பது எப்படி என்று தனியாக யாரும் பாடம் எடுக்கவில்லை. 2 தீமோத்தேயு 1:5-ல் லோவிசாள், ஐனிக்கேயாள் என்று பாட்டியையும் தாயையும் பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதோடு இது தானாகப் பொருந்தும்.

இன்னொன்று, சுற்றி வரும் உவமைகள். 'கழுகு 40 வயதில் மலையேறி அலகை உடைத்து, நகத்தைப் பிடுங்கி, புதிதாய் முளைத்தபின் இன்னும் 30 வருஷம் வாழும்' என்ற கதையைச் சங்கீதம் 103:5-க்கு விளக்கமாக எழுதிவிடாதீர்கள். அலகு இல்லாத கழுகு இரையைக் கிழிக்க முடியாமல் செத்துப்போகும். இறகை அது கொஞ்சங்கொஞ்சமாகத்தான் உதிர்த்து மாற்றும், சங்கீதத்துக்கு அந்த உண்மையே போதுமானது. ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவதைப் பற்றிய வசனத்துக்கு விளக்கமாகச் சொல்வார்களே, எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு சின்ன வாசல் இருந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை. மேல்நிலைப் பள்ளிப் பிள்ளை கைபேசியில் இரண்டு நிமிஷத்தில் சரிபார்த்துவிடும். உவமை பொய் என்று தெரிந்தபின் வசனத்தையும் சந்தேகத்தோடுதான் கேட்கும்.

ஓலைச்சுவடி எழுதியது:

மூன்று மாதம் என்றால் 13 வாரம். அதில் இரண்டோ மூன்றோ நம் மண்ணின் வரலாற்றிலிருந்து எடுக்கலாம். புகழுரை ஆகாமல் எழுத ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் நல்ல சோதனை.

1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1798-ல் தஞ்சாவூரில் இறந்தார். பாளையங்கோட்டையில் 12 வயதுப் பையனாக இருந்த வேதநாயகத்தைத் தஞ்சைக்கு அழைத்துப்போய் வளர்த்தார். அவர்தான் பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அதே காலத்தில் தஞ்சை மன்னர் துளஜா, தத்துப்பிள்ளை சரபோஜியைக் கவனிக்கும் பொறுப்பை ஸ்வார்ட்ஸிடம் விட்டார். ஒருவர் கிறிஸ்தவக் கவிராயர் ஆனார். மற்றவர் கடைசிவரை இந்து மன்னராகவே இருந்து, சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார். தன்னை வளர்த்தவருக்காக அந்த மன்னர் லண்டனில் ஃப்ளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் பளிங்குச் சிற்பம் செய்வித்தார். தஞ்சை சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய கிறிஸ்தவக் கோயிலில் அது இருக்கிறது. மரணப் படுக்கையில் ஸ்வார்ட்ஸ், பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. வளர்த்தவர் தன் அச்சிலேயே இரண்டு பேரையும் வார்க்கவில்லை என்பதை அந்தக் கையை மட்டும் வைத்து எழுதிவிடலாம்.

இதோடு நிறுத்தினால் மீண்டும் அஞ்சலிதான். 1820-களின் பிற்பகுதியில் அடுத்த தலைமுறை மிஷனரிகள் கோயிலுக்குள்ளும் திருவிருந்திலும் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பாக நின்றபோது, அதை எதிர்த்து எழுதியவர்களில் முன் நின்றவர் இதே சாஸ்திரியார். அவர் கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம், அதே சமயம் இந்த விஷயத்தில் அவர் பக்கம் நிற்க முடியாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத் துணிவு வேண்டும். 200 சொல் போதாது, இரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஸ்வார்ட்ஸ், இரண்டாம் வாரம் சாஸ்திரியார். முதல் வாரமே 'அடுத்த வாரம் இதன் கசப்பான பாதி' என்று ஒரு வரி போட்டுவிடுவது நேர்மை.

பொருநைக்கரை எழுதியது:

நன்றி ஐயா, அக்கா. சாஸ்திரியார் விஷயத்தை எழுதினால் எங்கள் பக்கம் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். வேதாகம வழிகாட்டிகளில் மோசே–யோசுவா, பவுல்–தீமோத்தேயு தவிர வேறு யார்? முடிவில் ஜெபம் போடலாமா?

மணிக்கூண்டு எழுதியது:

பர்னபா, பவுலோடு ஊழியப் பயணம் போனவர். பவுலைவிட அவரைத்தான் சிபாரிசு செய்வேன். அந்தப் பயணத்தில் கூடப் போன மாற்கு பெர்கேயில் பாதியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான் (அப்போஸ்தலர் 13:13). அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்கிறார் பவுல். பர்னபாவோ விடவில்லை, வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்துபோனார்கள் (15:37–39). பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்குக் கப்பலேறுகிறார். அதோடு நடபடிகள் புத்தகம் அவரை விட்டுவிட்டுப் பவுலின் பின்னால் போய்விடுகிறது. பல வருஷம் கழித்து, சிறையிலிருந்து பவுல் எழுதும் கடிதத்தில் மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் 'பிரயோஜனமுள்ளவன்' என்கிறார் (2 தீமோத்தேயு 4:11). நடுவில் பர்னபா என்ன சொன்னார், எப்படித் தேற்றினார் என்று ஒரு வரிகூட இல்லை. இதைக் கொலோசெயர் 4:10-ஓடு சேர்த்துப் படியுங்கள். மாற்கு பர்னபாவுக்கு இனத்தான். பவுலுக்கு அது சொந்தக்காரச் சலுகையாகப் பட்டிருக்கலாம். பவுல் பக்க நியாயத்தையும் ஒரு வரி எழுதினால்தான் சண்டைக்கு எடை வரும்.

எத்திரோவும் உண்டு (யாத்திராகமம் 18). காலமே தொடங்கிச் சாயங்காலம்வரை மோசே தனியாக வழக்குக் கேட்பதைப் பார்த்துவிட்டு 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' என்று மாமனார் முகத்துக்கு நேரே சொல்கிறார். சேகரக் கமிட்டிக் கூட்டம் உள்ள வாரத்துக்குப் பொருத்தம்.

ஜெபம் வேண்டாம் என்பது என் கருத்து. 200 சொல்லில் 40 போய்விடும், எல்லா வாரமும் ஒரே மாதிரி முடியும்.

மறைநூல்வாசகி எழுதியது:

இதில் மாறுபடுகிறேன். வீட்டில் தனியாகக் கிடக்கும் நோயாளிக்கு மடல்தான் ஆராதனை. இரண்டே வரி, 15 சொல்லுக்குள், அந்த வாரச் செயலையே தொட்டு ஜெபம் இருக்கட்டும். 'ஆசீர்வதியும், பெலப்படுத்தும்' என்ற பொது வரி என்றால் மட்டும் விட்டுவிடலாம்.

அச்சுமை எழுதியது:

வேலை நடக்கும் விதத்தை நான் சொல்கிறேன்.

சனிக்கிழமை கல்யாணத்துக்கும் பிரசங்கத்துக்கும் போய்விடும். அடக்க ஆராதனை எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வியாழன் மத்தியானம்தான் கடைசி என்று வையுங்கள். செவ்வாய் முதல் பிரதி, புதன் அதைத் தொடாமல் வைப்பது, வியாழன் காலை சத்தம்போட்டு வாசித்து வெட்டுவது. வாசிக்கையில் நாக்கு இடறும் வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடுங்கள். எந்தப் பருவத்துக்கும் ஆகிற இரண்டு கட்டுரை எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். லெந்து (தவக்காலம்), திருவருகைக் கால (கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்கள்) சாயல் அதில் வேண்டாம்.

எழுத்துருதான் அடிக்கடி மானத்தை வாங்கும். அச்சகம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்துக் கொடுத்ததை அப்படியே வாட்ஸப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து மூலத்தை உங்களிடமே வையுங்கள். வாட்ஸப்புக்கு அந்த மூலம் போகட்டும், அச்சகத்துக்கு அதன் நகல். அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரியும் இடங்களில், அதாவது கொ, கோ, கௌ வரிசையில், பிழை வரும். 'ர' எழுத்தும் துணைக்காலும் இடம் மாறும். மெய்ப்புப் பார்க்கும்போது முதலில் பெயர்களையும் வசன எண்களையும் பாருங்கள். 13:13 என்பது 13:3 ஆகிவிட்டால் படிப்பவர் வேறெங்கோ போய் நிற்பார்.

குழுவில் கத்தோலிக்க உறவினர்களும் இருந்தால் வேதப் புத்தகப் பெயர் குழப்பும். நம் பழைய மொழிபெயர்ப்பில் அப்போஸ்தலர் நடபடிகள், அவர்கள் திருவிவிலியத்தில் திருத்தூதர் பணிகள். 1 இராஜாக்கள் அங்கே 1 அரசர். முதல் முறை வரும்போது இரண்டையும் போட்டுவிடுங்கள்.

200 சொல்லை நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல். அதைக் குரல் பதிவாகவும் சனிக்கிழமை போடுங்கள், கண் தெரியாதவர்களுக்கு உதவும். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கைபேசியை வாய்க்கு நேரே பிடிக்காமல் தாடைக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் 'ப', 'ஃப' வரும் இடத்தில் மூச்சு அடிக்காது.