முப்பது நாளில் ஒரு நாவல்: வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே முடியுமா?

கேள்வி: நூல்கண்டு, திருப்பூர்

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வீட்டில் கணவர், நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், மாமியார் இருக்கிறார்கள். சிறுகதைகள் ஏழெட்டு எழுதியிருக்கிறேன். சாயத்தண்ணீர் கலப்பதற்கு முந்தைய நொய்யல் ஆற்றைப் பற்றி என் அப்பத்தா சொன்னவற்றை வைத்து ஒரு நாவல் எழுதத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அது முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

1999இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேர் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் நவம்பருக்கு மாற்றிக்கொண்ட, 30 நாளில் 50,000 சொற்கள் எழுதும் சவாலை இங்கே பலரும் அறிந்திருப்பீர்கள். அதை நடத்திய அமைப்பு தன் பணியை நிறுத்திக்கொள்வதாக 2025இல் அறிவித்துவிட்டது; ஆனால் எழுதுவதற்கு அமைப்பின் அனுமதி எதற்கு என்று நானும் இந்த நவம்பரில் இறங்கிப் பார்க்க நினைக்கிறேன். தடுப்பது கணக்குத்தான். நாளொன்றுக்கு 1,667 சொற்கள் எழுத வேண்டும். எனக்கோ ஜிஎஸ்டி வரிக் கணக்குத் தாக்கலில் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி, சனிக்கிழமைதோறும் வாரச் சம்பளப் பட்டுவாடா என்று வரிசையாக வேலை நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு ஒறம்பரை (உறவினர்) வீடுகளுக்குப் போகாமல் இருந்தால் ஆண்டு முழுவதும் பேச்சு வாங்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம் மட்டுமே எனக்கென்று மிஞ்சுகிறது. வேலைக்கும் போய்க்கொண்டு இதை முடித்தவர்கள் இருந்தால், எந்த நேரத்தை எடுத்தீர்கள், எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: தறிக்காரன், பல்லடம்

சகோதரி, இரண்டு முறை இறங்கி, ஒரு முறை தோற்று, ஒரு முறை முடித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதல் முறை நானும் உங்களைப் போலவே 1,667 என்ற எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தறியில் ஒரு நாள் கோளாறு, மறுநாள் மின்தடை என்று இரண்டு இரவுகள் போயின. அந்தப் பாக்கி வட்டிக் கடனைப் போல ஏறிக்கொண்டே வந்து, ஒன்பதாம் நாள் 15,000 இருக்க வேண்டிய இடத்தில் 9,000 சொற்களோடு நின்றேன். அந்த 9,000த்தையும் ஒவ்வோர் இரவும் முதலிலிருந்து படித்துத் திருத்திக்கொண்டிருந்தேன் என்பதால், கதையில் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

இரண்டாம் முறை தினசரி நாட்காட்டியை எடுத்து, எழுத முடியாத நாட்களை முதலில் அடித்துவிட்டேன். உங்களுக்கு 10, 11, 19, 20 தேதிகளும், நான்கு சனிக்கிழமைகளும், இரண்டு முகூர்த்த நாட்களும் போனால் மீதம் இருபது நாட்கள். நாளுக்கு 2,500 சொற்கள் வீதம் 50,000 வந்துவிடும். நான் காலையில் காட்டுப் பக்கம் நடந்துகொண்டே கைப்பேசியில் பேசிப் பதிவு செய்தேன். பேச்சை எழுத்தாக்கும் வசதி நம் வட்டார வழக்கைக் கண்டபடி எழுதித் தள்ளும், அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

நொய்யல் என்பதால் ஓர் எச்சரிக்கை. ஒரத்துப்பாளையம் அணை எப்போது கட்டப்பட்டது, சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன 2011 உயர் நீதிமன்ற உத்தரவில் என்ன இருந்தது என்று தேடப் போனால் அன்றைய இரவு முடிந்தது. தெரியாத இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

மறுமொழி: மஞ்சள்காடு, கோபிசெட்டிபாளையம்

நாட்காட்டியை அடிக்கும் யோசனையை ஏற்கிறேன். 2,500ஐ ஏற்க முடியவில்லை. பகல் முழுவதும் எண்களோடு இருந்துவிட்டு இரவு ஒரு மணி நேரத்தில் அவ்வளவு எழுதச் சொல்வது, அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம் என்று ஓட வைத்துவிடும்.

மேலும், 50,000 என்பது ஆங்கிலத்தில் எழுதுவோர் வைத்த அளவு. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருப்பவள் என்பதால் இது கண்ணில் உறுத்துகிறது. ‘போய்க்கொண்டிருந்தவனுக்கும்’ என்பது நமக்கு ஒரே சொல். அதை ஆங்கிலத்தில் சொல்ல ஏழெட்டுச் சொற்கள் வேண்டும். வேற்றுமை உருபும் துணைவினையும் ‘உம்’மும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில், கணினி இடைவெளியைப் பார்த்து எண்ணுகிற எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வரும். ‘போய்க் கொண்டிருந்தவனுக்கும்’ என்று பிரித்து எழுதினால் ஒன்று கூடும், அவ்வளவுதான். அதற்காகச் சொற்களைப் பிரிக்கத் தொடங்காதீர்கள். பிறகு திருத்துகிறவள் என்னைப் போன்ற ஒருத்தி. 30,000 தமிழ்ச் சொற்கள் என்று வைத்துக்கொண்டால் இருபது நாளுக்கு 1,500 வீதம் போதும்.

வீட்டைப் பற்றி ஒன்று. மாமியாரிடம் ‘நாவல் எழுதப் போகிறேன்’ என்று சொன்னால், அது எப்போது முடியும் என்று தெரியாமல் அவரும்தான் என்ன செய்வார்? ‘இன்ன தேதி வரை ராத்திரிச் சமையலை மட்டும் பாத்துக்கோங்க அத்தை’ என்று சொல்லிப் பாருங்கள். என் வீட்டில் எத்தனையோ ஆண்டுகள் கேட்டுக் கிடைக்காத நேரம், கடைசித் தேதி ஒன்றைச் சொன்னவுடன் கிடைத்தது.

மறுமொழி: கூடுதுறை, பவானி

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். எண்ணைத் துரத்தி எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவசரத்தில் எழுதுவது நமக்குப் புதிது என்றும் சொல்ல மாட்டேன். வார இதழ்த் தொடர்கதைக்கு அத்தியாயத்தை இதழ் அச்சேறும் நாளுக்குள் தந்தாக வேண்டும். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களை எழுதியவர்களுக்கு மாதந்தோறும் இதே சவால்தான். அவற்றில் நின்றவை சில, போனவை பல. போனவற்றையும் நான் பேருந்தில் விரும்பிப் படித்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

அம்மிணி, மாதத்தை மாற்றுங்கள் என்பதே என் யோசனை. நவம்பர் அமெரிக்காவில் குளிருக்கு ஒடுங்கி வீட்டுக்குள் இருக்கும் காலம். நமக்கு அது ஐப்பசியும் கார்த்திகையுமாக முகூர்த்தமும் அடைமழையும் சேர்ந்து வரும் காலம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஒறம்பரை வருவதும் குறைவு. கோலம் போட எப்படியும் விடியுமுன் எழுந்திருக்கத்தான் போகிறீர்கள்; எழாவிட்டாலும் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். மாதம் 29 அல்லது 30 நாள். கடைசி நாள், பொங்கலுக்கு முந்தைய காப்புக்கட்டு, அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் வீட்டைத் துடைத்துக் கழுவவே போய்விடும். அவற்றையும் முன்கூட்டியே அடித்துவிடுங்கள்.

மறுமொழி: தறிக்காரன், பல்லடம்

மார்கழி விடியலில் காட்டுக்குள் நடந்துகொண்டே பேசினால் சளிதான் பிடிக்கும் என்பதால், என் குரல்பதிவு யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். சொல்லெண்ணிக்கையைப் பற்றிக் கோபி சகோதரி சொன்னது சரி. 50,000த்தைத் தொட நான் கடைசி வாரத்தில் தேவையில்லாத ஒரு சீர் வரிசையைப் பத்துப் பக்கத்துக்கு எழுதினேன். திருத்தும்போது முழுவதையும் வெட்டினேன்.

கேள்வி கேட்டவர்: நூல்கண்டு, திருப்பூர்

அனைவருக்கும் நன்றி. மார்கழி முதல் தேதி தொடங்குவது, 30,000 சொற்கள், காலை நாலேகாலிலிருந்து ஐந்தரை வரை என்று முடிவு செய்திருக்கிறேன். டிசம்பர் 20க்கும் ஜனவரி 11க்கும் வரும் தாக்கல்கள் இந்தக் கணக்கிலும் உண்டு. மகளின் அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் நடுவில் வருகிறது. எல்லாவற்றையும் அடித்த பிறகு பத்தொன்பது நாட்கள் மிஞ்சுகின்றன, ஆகவே நாளுக்கு ஏறத்தாழ 1,580. நேற்று மாமியாரிடம் காப்புக்கட்டு வரைக்கும் என்று தேதி சொல்லிக் கேட்டேன். கதை எதைப் பற்றி என்று விசாரித்தார். நொய்யல் என்றதும், தான் வாக்கப்பட்டு வந்த புதிதில் அந்த ஆற்றில் துணி துவைத்ததை ஒரு மணி நேரம் சொன்னார். அப்பத்தா சொல்லாத செய்திகள் அதில் மூன்று இருந்தன, குறித்து வைத்திருக்கிறேன்.