ஏ.டி.எச்.டி. இருப்பவர் எதற்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டும்?

மதுரைவாசி:
எனக்கு வயது 36. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு எனக்கு இருப்பதை மனநல மருத்துவர் சென்ற ஆண்டுதான் உறுதிசெய்தார். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தை, கையில் பணம் இருந்தும் கட்ட மறந்து, இருமுறை இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது. போன வாரம் நான் ஒரு கணக்கைச் சரிபார்ப்பதில் மூழ்கிவிட, பள்ளி விட்டு முக்கால் மணி நேரம் என் மகள் காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "முன்பு மன்னிப்பாவது கேட்பீர்கள், இப்போது நோயின் பெயரைச் சொல்கிறீர்கள்" என்றார் என் மனைவி. அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. மூளையின் அமைப்பால் நேர்வதற்கு நான் எவ்வளவு பொறுப்பு?

பொன்னிக்கரை:
உங்கள் மனைவி சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் இதே குறைபாடுதான். 41 வயதில் தெரியவந்தது. வகுப்பில் ஓடியாடாமல் சன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருந்த பெண் பிள்ளையை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆண் மறந்தால் அவருக்கு ஆயிரம் யோசனை என்பார்கள். அடுப்பில் பால் பொங்கினால் நான் பொறுப்பில்லாதவள் ஆகிவிடுவேன். அந்தச் சொல்லைப் பல ஆண்டுகள் நானும் நம்பினேன். மறப்பதற்காக இப்போது என்னை நொந்துகொள்வதில்லை, ஆனால் மறந்துவிடுவேன் என்று தெரிந்த பிறகும் ஏற்பாடு செய்யாமல் விட்டால் அதற்கு நான்தான் பொறுப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். பால் அடுப்பில் இருக்கும்வரை கரண்டியைக் கீழே வைக்க மாட்டேன். கரண்டியோடு வேறு அறைக்குப் போய்விட்டாலும், அதைக் கையில் பார்த்ததும் பால் நினைவுக்கு வந்துவிடும்.

வடக்கு மாசி:
பொன்னிக்கரை சொல்வதை ஏற்கிறேன். ஆனால் சுமை முழுவதும் தனிமனிதர் தலையில் விழுவதையும் பேச வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன, ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை. ஆகவே அலுவலகத்தில் நாம் கேட்கும் சிறு வசதிகூட மேலாளரின் நல்ல மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. வாய்மொழியாகச் சொல்லும் வேலையை ஒரு வரி எழுதியும் அனுப்புங்கள் என்று நான் கேட்டபோது, "நீங்கள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?" என்ற பதில்தான் கிடைத்தது. அந்த ஒரு வரி வந்திருந்தால் நான் தவறவிட்ட வேலைகளில் பாதியாவது நடந்திருக்கும். ஏற்பாடு செய்துகொள்வது நம் கடமை என்றால், அதற்கு இடம் கொடுப்பது மற்றவர்களின் கடமை.

மதுரைவாசி:
இருவருக்கும் நன்றி. நேற்று மகளிடம் காரணம் எதுவும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டேன், "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று மட்டும் கேட்டாள். அலாரம் வைத்தால் இன்னும் ஐந்து நிமிடம் என்று அணைத்துவிடுவேன் என்பதால், இன்று மூன்று மணிக்கே மடிக்கணினியோடு பள்ளி வாசலுக்கு வந்து, மரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மின் கட்டணத்தை வங்கிக் கணக்கிலிருந்து தானாகச் செலுத்தவும் ஏற்பாடு செய்துவிட்டேன். இத்தனை ஆண்டுகள் எனக்கும் சேர்த்து எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்த மனைவியிடம்தான் இன்னும் பேசவில்லை. இன்றிரவு பேச வேண்டும்.