புதுப்பிப்பு: படகு மோட்டாரின் ஷாஃப்ட் நீளம்தான் கோளாறு, சரியாகிவிட்டது

மும்பை வெர்சோவாவில் மாமாவின் ஃபைபர் படகில் மோட்டார் உறுமுகிறது, வேகம் வரவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது தூத்துக்குடி அண்ணன் சொன்னது: "மோட்டார் மாட்டுற பின்பலகையை நடுவில், மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை அளந்து பாருங்க."

18.5 அங்குலம். எங்கள் மோட்டாரோ 15 அங்குல ஷார்ட் ஷாஃப்ட், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் அதன் கால் குட்டை. புரொப்பல்லருக்கு மேலுள்ள தகடு படகின் அடியைவிட 3.5 அங்குலம் உயரத்தில் நின்றதால், புரொப்பல்லர் காற்றை இழுத்திருக்கிறது.

செகண்ட்ஹேண்டில் 20 அங்குல லாங் ஷாஃப்ட் வாங்கினோம். ஷாஃப்ட் நீளத்தை, மோட்டாரைப் பின்பலகையில் பிடிக்கும் கிளாம்ப் உட்காரும் இடத்திலிருந்து அந்தத் தகடுவரைதான் அளக்க வேண்டும், அடிநுனிவரை அல்ல. படகு பாய்ந்தது. ஆனால் எதிர்பாராமல் பின்னால் தண்ணீர் தெறித்து மாமாவின் சட்டை முழுக்க நனைந்தது. தகடு இப்போது படகின் அடியைவிட 1.5 அங்குலம் கீழே போயிருந்தது. சரி என்று கிளாம்புக்கு அடியில் ஒரு அங்குலத் தேக்குக்கட்டை கொடுத்தோம். தெறிப்பு அடங்கியது; திரும்பும்போதும் காற்று இழுக்கவில்லை.